கனிமப் பாடத்துக்கு எது சரி: எண் ஒட்டிய பெட்டியா, நாட்டு மருந்துப் பொட்டலமா?

கனிமங்கள் எப்படி உருவாகின்றன, அவற்றை எப்படி வகை பிரிப்பது என்ற இரண்டையும் எண் ஒட்டிய கனிம மாதிரிகள் அடங்கிய ஒரே பெட்டியை வைத்து முடித்துவிடுவதுதான் பல பள்ளிகளில் வழக்கம். அலமாரியிலிருந்து பெட்டி இறங்கும், வகுப்பைச் சுற்றிவரும், மறுபடி அலமாரிக்குப் போகும். பிள்ளைகளுக்கு எண் மட்டும் மனப்பாடம் ஆகும். வட சென்னையில் இதைவிட நல்ல பொருட்கள் பேருந்து தூரத்திலேயே கிடைக்கின்றன.

உருவாக்கத்தை எடுத்துக்கொள்வோம். கரைசலிலிருந்து படிகம் பிறப்பதைக் காட்டக் கல் உப்பா, படிகாரமா? உப்பு மலிவு, எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய உப்பளங்களைச் சொல்லிப் பாடத்தைத் தொடங்கவும் தோது. ஆனால் சூடாக்கி ஆறவைப்பதால் உப்பு படிகமாகிவிடாது. 100 மில்லி தண்ணீரில் அறை வெப்பத்தில் சுமார் 36 கிராம் கரையும், கொதிக்கும்போதும் 39தான். தண்ணீர் ஆவியானால்தான் படிகம். கடலோரத்தில் சிக்கலே அங்குதான். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கசியும். காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ ஜன்னலோரம் வைத்த தட்டு காய்வதும் நனைவதுமாகவே இருக்கும். மழை மாதங்களில் முயலவே வேண்டாம். மொட்டை மாடி வெயிலில் சீக்கிரம் காயும், ஆனால் நடுவில் குழிந்து படிக்கட்டு வைத்தாற்போல் வரும்: விளிம்புகள் வேகமாக வளர, முகங்களின் நடுப்பகுதி பின்தங்கிவிட்டது என்று அர்த்தம். அதையும் லென்ஸில் காட்டலாம்.

படிகாரத்தின் கரைதிறன் 100 மில்லிக்கு 20 டிகிரியில் 14 கிராம், 50 டிகிரியில் கிட்டத்தட்ட 37. இவ்வளவு வித்தியாசம் இருப்பதால் ஆறினாலே படிகம் இறங்கும். எங்கள் தேர்வு இதுதான். குளிர்நாட்டு வகுப்பறைக்கு எழுதிய அளவை மட்டும் நம்பக்கூடாது. 200 மில்லிக்கு 40 கிராம் என்று போட்டால் மே மாதச் சென்னையில் ஏறக்குறைய எல்லாமே கரைந்தபடி நிற்கும். 60 கிராம் போடுங்கள். 60 டிகிரி வரை சூடாக்கி, வடிகட்டி, பாதியை ஐஸ் தண்ணீரிலும் பாதியைத் துணி சுற்றிய பாத்திரத்திலும் ஆறவிடுங்கள். முதலாவதில் தூள், இரண்டாவதில் எட்டு முகப் படிகங்கள். மெல்ல ஆறினால் பெரிய படிகம் என்பதை இதற்குமேல் விளக்கத் தேவையில்லை. இது கரைசல், பாறைக்குழம்பு அல்ல என்பதை மட்டும் அப்போதே சொல்லிவிட வேண்டும். ஜாடியில் நாம் வளர்த்தது கனிமமும் அல்ல. இயற்கையில் உருவாவது கனிமத்தின் முதல் நிபந்தனை.

பெரிதாக வளர்க்க, விதைப் படிகத்தை (முதலில் கிடைத்த சிறு படிகம் ஒன்றை) நைலான் இழையில் கட்டிக் கரைசலில் தொங்கவிடவும். பருத்தி நூல் என்றால் நூல் நெடுகப் படிகம் பூக்கும். மதிய வெக்கையில் விதை கரைந்து காணாமல் போனால் கரைசல் தெவிட்டவில்லை, இன்னும் கரைக்க இடமிருக்கிறது என்று பொருள். படிகாரத்தைச் சவரக் கடைகளில் பயன்படும் தெளிந்த கட்டியாகப் பார்த்து வாங்குங்கள்; தண்ணீர் தெளியவைக்கும் பழுப்புக் கட்டி பெரும்பாலும் அலுமினியம் சல்பேட், அதில் எட்டு முகப் படிகம் வராது. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) பார்க்க அழகு, ஆனால் நஞ்சு. பள்ளிப் பிள்ளைகள் கையில் அது வேண்டாம்.

வகைப்பாட்டுக்கு வந்தால், பூங்கா நகர் ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடைகளே பாதி வேலையை முடித்துவிடும். கந்தகம் தனித் தனிமம், காவிக்கல் ஆக்சைடு, இந்துப்பு ஹாலைடு, வெண்காரம் போரேட், அப்பிரகமும் மாக்கல்லும் சிலிகேட். பளிங்குக் கடையில் வெள்ளைச் சில்லு ஒன்று கேட்டு வாங்கினால் கார்பனேட்டும் ஆயிற்று. லிங்கமும் தாளகமும் வாங்கவே கூடாது. ஒன்றில் பாதரசம், மற்றதில் ஆர்சனிக்.

பொட்டலம் தோற்கும் இடம் கடினத்தன்மை. எது எதைக் கீறும் என்பதை வைத்து மோஸ் என்ற கனிமவியலாளர் 1812இல் வகுத்த, 1 முதல் 10 வரையிலான அளவுகோலில் இவற்றில் பெரும்பாலானவை மூன்றைத் தாண்டாது. காவிக்கல் மண்ணாக உதிர்வதால், அதிலுள்ள இரும்பு ஆக்சைடான ஹேமடைட்டின் உண்மையான கடினத்தையும் காட்டாது. ஃபுளோரைட், அபடைட், ஃபெல்ட்ஸ்பார் போன்ற மூன்றுக்கு மேற்பட்ட கனிமங்கள் வேண்டுமென்றால் பெட்டிதான் கதி. குவார்ட்ஸுக்கு மட்டும் ஒரு வெள்ளைக் கூழாங்கல் போதும்.

சோதனையில் இரண்டு ஏமாற்றங்கள் தவறாமல் வரும். குவார்ட்ஸை எஃகு ஆணியால் கீறினால் சாம்பல் கோடு விழும், பிள்ளைகள் ‘கீறிவிட்டது’ என்று எழுதுவார்கள். ஈர விரலால் தேய்த்தால் கோடு போய்விடும். அது ஆணி விட்ட உலோகம். கனிமத் தூளின் நிறத்தைப் பார்க்கக் குளியலறை ஓட்டின் மெருகில்லாத பின்பக்கத்தில் உரசும்போதும் அப்படித்தான்: குவார்ட்ஸ் ஓட்டையே அரைத்து வெள்ளைத் தூள் தரும், அது கனிமத்தின் நிறமல்ல. காவிக்கல் செம்பழுப்புக் கோட்டை உடனே காட்டும். பளிங்கில் வினிகர் விட்டால் குமிழி மந்தமாகத்தான் வரும். சுரண்டித் தூளாக்கிவிட்டு ஊற்றுங்கள். கழிவறை ஆசிட்டைத் தொடவிடாதீர்கள்.

வகை பிரிப்பது கடினத்தன்மை, கோட்டு நிறம் போன்ற பண்பு வழியா, ஆக்சைடு, கார்பனேட் என்ற வேதியியல் வழியா? எட்டாம் வகுப்புக்குப் பண்பு, பத்தாம் வகுப்புக்கு வேதியியல். நிறத்தை வைத்துப் பிரிப்பது இரண்டு வகுப்புக்குமே உதவாது.

புவியியல் பாடத்தில் ‘கனிம வளம்’ என்ற தலைப்பில் நிலக்கரி வருவதால் அதையும் பிள்ளைகள் கனிமப் பட்டியலில் சேர்ப்பார்கள். பொருளாதாரக் கணக்கில் அது சரி; புவியமைப்பியலில் அது தாவரம் மக்கியதால் வந்த கரிமப் பொருள், திட்டமான வேதிச் சேர்க்கையும் படிக அமைப்பும் கிடையாது.

கடற்கரை மணல் ஒரு நாள் வேலைக்கு நல்லது. கறுப்புப் பட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்து, கழுவி உலர்த்தி, காகிதம் சுற்றிய காந்தத்தை மேலே ஓட்டினால் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடுக் கனிமம் ஒட்டும். மணலிலுள்ள மற்ற கனிமங்களான இல்மனைட்டும் கார்னெட்டும் சாதாரணக் காந்தத்துக்கு அசையாது, வலுவான நியோடிமியம் காந்தத்துக்குக் கொஞ்சம் இணங்கும். எண்ணூர் பக்கம் எடுத்த மணல் என்றால் 40 மடங்கு நுண்ணோக்கியில் கட்டாயம் பார்க்கவும். அனல்மின் நிலையச் சாம்பலிலும் காந்தத்தில் ஒட்டும் துகள்கள் உண்டு. கோணங்களோடு பளபளத்தால் மேக்னடைட்டாக இருக்கலாம். வழவழப்பான உருண்டையாக இருந்தால் அது உலையிலிருந்து வந்தது.