முருங்கை, கொள்ளு, முடவாட்டுக்கால்: எந்த சூப் வீட்டுக்குச் சரிப்படும்?

பூங்கா வாசல்களில் மாலை நேரத்தில் நிற்கும் சூப் வண்டிகளில் பெயர்ப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, கொள்ளு, முடக்கத்தான், முடவாட்டுக்கால் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு நோயின் பெயரையும் போட்டிருப்பார்கள். வீட்டில் சூப் வைக்க நினைப்பவர்களும் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்: சர்க்கரைக்கு இது, மூட்டு வலிக்கு அது. நான் வேறு இடத்திலிருந்து தொடங்குவேன். போட்ட பொருள் வயிற்றுக்குள் போகிறதா, வடிகட்டியில் தங்கிக் குப்பைக்குப் போகிறதா?

முருங்கைக்கீரையையே எடுத்துக்கொள்வோம். 100 கிராம் பச்சை இலையில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும், சுமார் 6 கிராம் புரதமும் இருக்கின்றன. கீரைகளில் இது பெரிய அளவுதான். ஆனால் ஒரு குவளை சூப்புக்கு நாம் போடுவது ஒரு கைப்பிடி, அதாவது 20 கிராம் அளவு. முழு இலையையும் மென்று விழுங்கினாலே கிடைப்பது 60 மில்லிகிராம் கால்சியம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 1000. இலையை வடித்துவிட்டுத் தண்ணீரை மட்டும் குடித்தால் அதிலும் ஒரு பகுதி போய்விடும். நார்ச்சத்து மொத்தமும் போச்சு.

அதனால் வீட்டில் வைக்கும்போது கீரையை இரண்டு மடங்காகப் போட்டு, வடிகட்டாமல் குடிப்பதுதான் சரி. உருவுவது பெரிய வேலை என்பவர்கள் கொத்தை இரவே ஒரு துணியில் சுற்றி வைத்துவிடலாம். காலையில் உதறினால் இலை தானாக உதிரும். இளம் ஈர்க்குகளைத் தூக்கிப் போடாமல் தனியாகத் தட்டி, மிளகு சீரகத்தோடு கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரையே சூப்புக்கு அடித்தளமாக வைத்துக்கொள்ளலாம். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கி, வேகவைத்த பாசிப்பருப்பு இரண்டு கரண்டி சேர்த்து, கொதி வந்த பிறகு இலையைப் போட வேண்டும். மூடி போடாமல் ஐந்தாறு நிமிடம் கொதித்தால் போதும், பச்சை நிறம் மாறாது. எலுமிச்சையை மட்டும் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள். கீரையில் இருக்கும் இரும்புச்சத்தை உடல் இழுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவும். கொதிக்க வைத்தால் அது குறைந்துவிடும். சூப் குடித்த கையோடு டீ குடிப்பவர்கள் இந்த லாபத்தை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், கீரையைத் திடீரென்று கூட்டுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

வாழைத்தண்டு இதற்கு நேரெதிர். அதில் எண்ணிக் காட்டும்படியான சத்து பெரும்பாலும் நார்தான், கொஞ்சம் பொட்டாசியம். கடையில் அதை அரைத்து வடிகட்டிக் கொடுக்கும்போது எந்த நாருக்காக வாங்கினோமோ அதைத்தான் முதலில் எடுத்துவிடுகிறார்கள். வீட்டில் வட்டமாக நறுக்கும்போது வரும் நூலை விரலில் சுற்றி எடுத்துவிட்டு, பொடியாக அரிந்து, கறுக்காமல் இருக்க எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் போட்டு, அப்படியே வேகவிட்டுச் சாப்பிடலாம். சிறுநீரகக் கல்லுக்கு இதுவே மருந்து என்று நம்பி வலியைப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். சிறுநீரகம் பழுதாகிப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு இந்த சூப்பே ஒத்துவராது.

என் ஓட்டு கொள்ளுக்கு. கொங்கு நாட்டுக்காரர்களிடம் இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழியும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். உடம்பு இளைக்குமா என்ற விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு ஆளுக்கு 25 கிராம் போட்டால் 5 கிராமுக்கு மேல் கிடைக்கும். ஒரு முட்டையில் இருப்பது ஏறத்தாழ 6. இந்தப் பட்டியலில் இரவுச் சாப்பாட்டின் இடத்தை ஓரளவாவது பிடிக்கக்கூடியது இதுதான். மற்றவற்றைக் குடித்துவிட்டு இரண்டு தோசை கேட்கத் தோன்றும்.

வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, இரவு முழுக்க ஊறவைத்து, குக்கரில் ஐந்தாறு விசில். கல் இருக்கும், பார்த்து அரித்துக்கொள்ளுங்கள். வெந்ததில் பாதியை மையாக அரைத்து, மீதியை முழுசாகவே விட்டால் சூப் தானாகக் கெட்டியாகும். தக்காளி, இடித்த மிளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை. பெருங்காயத்தை மறந்துவிடாதீர்கள், இல்லையென்றால் வயிறு இரவு முழுக்கப் பேசும். தண்ணீரை மட்டும் வடித்துக் குடிக்கும் வழக்கமும் உண்டுதான். ஆனால் கொங்கு வீடுகளில் அந்தத் தண்ணீர் ரசத்துக்குப் போனால், பருப்பு அம்மியிலோ மிக்ஸியிலோ மசிந்து சோற்றுக்கு வந்துவிடும், வீணாகாது.

கெட்டியாக்குவது என்றதும் தக்காளி சூப் நினைவுக்கு வருகிறது. ஓட்டலில் அந்த வழவழப்பு பெரும்பாலும் சோள மாவும் வெண்ணெயும் கொடுப்பது. புளிப்பை அடக்கச் சர்க்கரையும் சேரும். வீட்டில் நாலு தக்காளியோடு அரைக் கேரட், ஒரு கீற்று பீட்ரூட், ஒரு மேசைக்கரண்டி பாசிப்பருப்பு சேர்த்து வேகவைத்து அரைத்தால் நிறமும் வந்துவிடும், மாவும் தேவைப்படாது. ஒரு சொட்டு எண்ணெய்கூட வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். தக்காளியின் சிவப்பில் இருக்கும் லைகோபீன் வெந்த பிறகு, கொஞ்சம் எண்ணெயோடு போகும்போதுதான் உடலில் நன்றாகச் சேரும்.

இனி எல்லோரும் கேட்கும் முடவாட்டுக்கால். கொல்லிமலைக்குப் போனவர்கள், பழுப்பு ரோமம் போர்த்திய இந்தக் கிழங்கைக் கடைகளில் குவித்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பார்கள். இது பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் (ஃபெர்ன் செடியின்) தண்டு. தோலைச் சீவி, துண்டு போட்டு, மிளகு சீரகத்தோடு இடித்துக் கொதிக்கவிட்டு வடிகட்டுவார்கள். ஆட்டுக்கால் சூப் மாதிரியே இருக்கும் என்பார்கள். எனக்கு அதில் பாதி வேலையை மிளகும் பூண்டும் செய்வதாகத்தான் படுகிறது. ருசி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சக்கை வெளியே போய்விடுவதால் புரதமோ நாரோ கணக்கில் வராது. மூட்டு வலிக்கு இது மலை மக்களின் பழைய கைவைத்தியம்; அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது வேறு விஷயம். காட்டிலிருந்து பெயர்த்தெடுத்து வருவது என்பதால், மலைக்குப் போகும்போது ஒரு முறை குடிப்பதோடு எனக்குப் போதும். தினமும் இணையத்தில் வரவழைத்துக் குடிக்கும் அளவுக்கு இதில் ஒன்றுமில்லை.

பாக்கெட் சூப்பை ஒரே அடியாகத் திட்டவும் மாட்டேன், அவசரத்துக்கு உதவுகிறது. உறையின் பின்பக்கம் சோடியம் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பு. ஒரு பரிமாறலுக்கு 600 மில்லிகிராம் என்று இருந்தால் அது 1.5 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் நாள் முழுக்கவே 5 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. ஒரு பாக்கெட்டை எத்தனை பரிமாறலாகக் கணக்கிட்டிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். பால் பொருள் வேண்டாம் என்பவர்கள் சேர்மானப் பட்டியலில் பால் பொடி இருக்கிறதா என்று தேட வேண்டும்.

நேரம்தான் பிரச்சினை என்றால் ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ கொள்ளை வேகவைத்துச் சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம். வேலை முடிந்து வந்து ஒரு டப்பாவை எடுத்துச் சுடவைத்து, தாளித்துக் கொட்டினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சூப் தயார்.