நாஸ்கார் பார்க்க ஃபாக்ஸா, பிரைமா?

2025 முதல், அமெரிக்கக் கார் பந்தயத் தொடரான நாஸ்கார் கப்பின் பந்தயங்களை அங்கே ஃபாக்ஸ், பிரைம் வீடியோ, டிஎன்டி, என்பிசி நான்கும் பங்கிட்டுக் காட்டுகின்றன. சீசனின் தொடக்கம் ஃபாக்ஸிடம். தொடக்கப் பந்தயமான டேடோனா 500-ஐ வீட்டு ஆன்டெனாவிலேயே இலவசமாகப் பார்க்கலாம். வயதான ரசிகர்களுக்கு இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் பல பந்தயங்கள் ஃபாக்ஸின் கேபிள் சேனலான எஃப்எஸ்1-க்குப் போய்விடுகின்றன.

கோகோ கோலா 600 என்ற பந்தயத்தில் தொடங்கி ஐந்து பந்தயங்கள் பிரைமில். சந்தா வேண்டும், நல்ல இணையமும் வேண்டும். சரி, பதிலுக்கு என்ன? வர்ணனையில் முன்னாள் நட்சத்திர ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர். பந்தயம் முடிந்த பிறகும் ஓட்டுநர்களை உட்காரவைத்து நிதானமாகப் பேசுகிறார்கள். தொலைக்காட்சியிலோ அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிவிடும். அந்த உரையாடலுக்காகவே எனக்குப் பிரைம் பிடிக்கிறது. டேடோனா மட்டும் எல்லோருக்கும் இலவசமாகவே இருக்கட்டும்.