உபுண்டு 24.04-க்கு மாறிய பிறகு பிஎச்பி: எங்கே உடைகிறது, ஏன்

இணையதள நிரல்களை இயக்கும் பிஎச்பி, உபுண்டு லினக்ஸ் 20.04-இல் 7.4, 22.04-இல் 8.1, 24.04-இல் 8.3. இடையில் உள்ள 22.04-ஐத் தொடாமல் மேம்படுத்த முடியாது. இதில் வரும் பெரும்பாலான தலைவலிகளுக்கு வேர் ஒன்றுதான்: பிஎச்பியின் ஒவ்வொரு பதிப்புக்கும் தனிக் கோப்புறை. 7.4-இல் பார்த்துப் பார்த்து மாற்றி வைத்த அமைப்புகள் 8.3-க்குத் தானாக வராது.

முதலில் ஆபத்தானதைச் சொல்லிவிடலாம். வெப் சர்வரான அப்பாச்சிக்குள் பிஎச்பியை இயக்கும் பழைய மாட்யூல் போய், புதியது இயங்காமல் இருந்தால் அப்பாச்சி நிரலை இயக்காது. அப்படியே எழுத்தாகக் காட்டும், அல்லது பதிவிறக்கக் கொடுக்கும். டேட்டாபேஸ் கடவுச்சொல் உள்ள கோப்பும் அதில் அடக்கம். அதனால் மேம்படுத்தி முடியும்வரை தளத்தை வெளியுலகுக்குத் திறக்காதீர்கள். நிரல் ஒரு நிமிடம் வெளியே தெரிந்திருந்தாலும் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

எப்படியும் கை வைக்கிறோம் என்றால் மாட்யூலை விட்டுவிட்டு, பிஎச்பியை அப்பாச்சிக்கு வெளியே தனிச் சேவையாக இயக்கும் எஃப்பிஎம்முக்குப் போவதே மேல். எஃப்பிஎம் தொகுப்பை நிறுவி, அப்பாச்சியை அதனுடன் இணைக்கும் ப்ராக்ஸி எஃப்சிஜிஐ மாட்யூலையும் அதற்கான கான்ஃபிக் கோப்பையும் இயக்கி, பழைய மாட்யூலை நிறுத்தினால் போதும். அப்பாச்சிக்குப் பதில் எஞ்சின்எக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்கள், அது எஃப்பிஎம்முடன் பேசும் சாக்கெட் கோப்பின் பெயரைப் பார்க்கவும்: அதிலும் பதிப்பு எண் இருக்கிறது. 7.4 என்றே விட்டுவைத்தால் 502 பிழைதான்.

எஃப்பிஎம்முக்குப் போனதும் தளக் கோப்புறையின் எச்டிஅக்சஸ் என்ற அப்பாச்சி அமைப்புக் கோப்பில் உள்ள 'பிஎச்பி வேல்யூ' வரிகள் 500 பிழை தரும். மாட்யூல் இல்லாத அப்பாச்சிக்கு அந்தக் கட்டளை தெரியாது. அவற்றை '.யூசர்.ஐஎன்ஐ' கோப்புக்கு மாற்ற வேண்டும். மாற்றியதும் பலன் தெரியவில்லை என்று பதற வேண்டாம், அந்தக் கோப்பை 300 விநாடிக்கு ஒருமுறைதான் மறுபடி படிக்கும். பிஎச்பியின் முதன்மை அமைப்புக் கோப்பான ஐஎன்ஐ-ஐத் திருத்தினாலோ எஃப்பிஎம்மை ரீலோட் செய்ய வேண்டும். அப்பாச்சியை எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் பயனில்லை.

கோப்பு ஏற்றும் வரம்பு மறுபடி 2 எம்பிக்கும், போஸ்ட் வரம்பு 8 எம்பிக்கும் வந்திருக்கும். டெர்மினலில் பதிப்பைக் கேட்டு ஏமாறாதீர்கள். அது கட்டளை வரிக்கான பிஎச்பி, அதன் ஐஎன்ஐ வேறு. பிஎச்பியின் அமைப்புகளைக் காட்டும் பிஎச்பிஇன்ஃபோ பக்கத்தில் எந்த ஐஎன்ஐ ஏறியிருக்கிறது என்ற வரியைப் பார்த்துவிட்டு, பக்கத்தை அழித்துவிடுங்கள். எம்பிஸ்ட்ரிங், ஜிடி, கர்ல் போன்ற நீட்டிப்புகளையும் 8.3-க்கென்று தனியாக நிறுவ வேண்டும்.

புது சர்வரில் நிறுவிக் கோப்புகளை நகலெடுப்பவர்களுக்கு இன்னொரு பொறி. 21.04 முதல் புதிய பயனரின் ஹோம் கோப்புறைக்கு அனுமதி 750, அதாவது வெளியார் நுழைய முடியாது. தளம் அதற்குள் இருந்தால் அப்பாச்சியால் உள்ளே நுழையவே முடியாது, 403 வரும். எல்லோருக்கும் முழு அனுமதியான 777 கொடுப்பது தீர்வல்ல. தளத்தை 'வார்' (/var) கோப்புறைக்கு நகர்த்துங்கள்.

முதல் வாரம் எல்லாம் நன்றாகத்தான் ஓடும். கூட்டம் வரும் நாளில்தான் தளம் தொங்கும். காரணம், எஃப்பிஎம் ஒரே நேரத்தில் இயக்கும் பிராசஸ்களுக்கான இயல்பு வரம்பு வெறும் 5. வரம்பைத் தொட்டால் எஃப்பிஎம் லாகில் எச்சரிக்கை இருக்கும். மற்றதெல்லாம் போக 1 ஜிபி ராம் மீதி, ஒரு பிராசஸுக்கு 60 எம்பி என்றால் 15 வைக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு 50 வைத்தால் ராம் போதாமல் வட்டை நினைவகமாகப் பயன்படுத்தும் ஸ்வாப்பில் விழுந்து, தொங்குவதைவிட மோசமாகும்.

சர்வர் தனி நிரலாக இயக்கும் பழைய சிஜிஐ ஸ்கிரிப்ட்கள் இருந்தால், எதைக் கொண்டு இயக்குவது என்று சொல்லும் முதல் வரியைப் பாருங்கள். 'பைத்தான்' என்று மட்டும் இருந்தால் அந்தப் பெயரில் இயல்பாக எதுவும் இல்லை, 'பைத்தான்3' என்று எழுத வேண்டும். பைத்தான் 2 நிரலாக இருந்தால் முதல் வரியை மாற்றுவது மட்டும் போதாது, நிரலையே திருத்தியாக வேண்டும்.