கூட்ட விதி ஆலோசகர் பணி: என்.ஏ.பி. சான்றிதழா, ஏ.ஐ.பி. சான்றிதழா?

அமெரிக்காவில் தொழிற்சங்கங்களும் திருச்சபைகளும் குடியிருப்போர் சங்கங்களும் பொதுக்குழுவைக் கூட்டும்போது, தலைவருக்குப் பக்கத்தில் அமர்ந்து விதிகளை எடுத்துரைப்பவரை 'பார்லிமென்டேரியன்' என்கிறார்கள். அவர் நாடாளுமன்ற உறுப்பினர் அல்லர். ஆலோசனை மட்டுமே சொல்வார், தீர்ப்பு தலைவருடையது. இப்பணிக்கு அரசு உரிமம் தேவையில்லை என்பதால், அழைப்பவர்கள் சான்றிதழைப் பார்த்தே ஆளைத் தேர்கிறார்கள். அதை வழங்கும் முக்கிய அமைப்புகள் இரண்டு: 1930-இல் தொடங்கிய நேஷனல் அசோசியேஷன் ஆஃப் பார்லிமென்டேரியன்ஸ், அதாவது என்.ஏ.பி.; 1958-இல் தொடங்கிய அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் பார்லிமென்டேரியன்ஸ், அதாவது ஏ.ஐ.பி. நான் என்.ஏ.பி.யைத் தேர்ந்தெடுத்தேன்.

இரண்டிலும் இரண்டு படிநிலைகள் உண்டு. என்.ஏ.பி.யில் 'ரிஜிஸ்டர்டு பார்லிமென்டேரியன்' ஆன பிறகு, தொழில்முறைப் பயிற்சியை முடித்து 'புரொஃபஷனல் ரிஜிஸ்டர்டு பார்லிமென்டேரியன்' ஆகலாம். ஏ.ஐ.பி.யில் அவற்றுக்கு இணையாக 'சர்டிஃபைடு', 'சர்டிஃபைடு புரொஃபஷனல்' என்னும் நிலைகள் உள்ளன.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு காரணம்: பெரும்பாலான சங்கங்களின் துணைவிதிகள் எந்த நூலை அதிகாரமாக ஏற்றிருக்கின்றன என்பது. இராணுவப் பொறியாளர் ஹென்றி ராபர்ட் 1876-இல் வெளியிட்ட விதிநூலின் வழிவந்த 'ராபர்ட்ஸ் ரூல்ஸ் ஆஃப் ஆர்டர் நியூலி ரிவைஸ்டு' நூலைத்தான் நான் பார்த்த துணைவிதிகளில் பெரும்பாலானவை பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தன, என்.ஏ.பி. தேர்வு முழுவதும் அந்நூலையே அடிப்படையாகக் கொண்டது. 2020-இல் வந்த அதன் 12-ஆம் பதிப்பு 700 பக்கங்களைத் தாண்டுகிறது. மேலோட்டமாகப் படித்தால் போதாது. நான் செயலாளராக இருந்த ஒரு குடியிருப்போர் சங்கத்தில், பிடிக்காத தீர்மானம் ஒன்றை விவாதமின்றி ஒழிப்பதற்காக, அதை 'மேசையில் வைக்க வேண்டும்' என்று ஒருவர் முன்மொழிய, தலைவரும் அனுமதித்துவிட்டார். அவசரமான வேறொரு விஷயம் குறுக்கிடும்போது தற்காலிகமாக ஒதுக்கிவைக்க மட்டுமே அந்நூல் அதை அனுமதிக்கிறது. அதற்கு விவாதமும் கிடையாது, சாதாரணப் பெரும்பான்மையே போதும். விவாதத்தை முடிக்கவோ மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். எனவே அன்று நடந்தது சிறுபான்மையினரின் பேச்சுரிமையைப் பறித்த செயல். ஒரே நூலை ஆழமாகக் கற்றவர் அங்கே இருந்திருந்தால் அந்தத் தீர்மானம் முறையாக விவாதிக்கப்பட்டிருக்கும் என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

ஏ.ஐ.பி. இதற்கு மாறாக, ராபர்ட் நூலோடு பிற விதிநூல்களிலும் பரிச்சயத்தை எதிர்பார்க்கிறது. ஆலிஸ் ஸ்டர்ஜிஸ் 1950-இல் வெளியிட்ட எளிய விதித்தொகுப்பின் மரபில், 2012-இல் அது தன் சொந்த விதிநூலையும் வெளியிட்டது. உயர்நிலைச் சான்றிதழுக்கு வாய்மொழித் தேர்வும் வைக்கிறது. ஏட்டறிவைவிட நேரடித் திறனைச் சோதிக்கும் அந்த ஏற்பாட்டை மதிக்கிறேன். நான் அத்தேர்வை எழுதியதில்லை. எனவே அதைப் பற்றிய என் கருத்தை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பிரதிநிதிகள் அவை ஏ.ஐ.பி. விதிநூலையே பின்பற்றுகிறது. அத்துறைச் சங்கங்களில் பணியாற்ற எண்ணுபவருக்கு என் பரிந்துரை பொருந்தாது, அவர் ஏ.ஐ.பி.யில் தொடங்கி, பிறகு மற்றதையும் பெறலாம். இரண்டு சான்றிதழ்களையும் வைத்திருப்பவர்கள் இத்துறையில் பலர் உண்டு. மற்றவர்கள், தங்களை அழைக்கக்கூடிய ஐந்தாறு சங்கங்களின் துணைவிதிகளை வாங்கிப் படித்துவிட்டுத் தேர்வுக் கட்டணத்தைச் செலுத்தட்டும்.