மரத்தை வெட்டாமல் காசு: சபா வழியா, சரவாக் வழியா?

மலேசியாவில் நிலமும் காடும் மாநிலங்களின் கையில். அரசமைப்பே அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. அதனால் காட்டை மரமாக விற்பதா, நிற்கவிட்டு கார்பன் கிரெடிட்டாக (காடு காற்றில் சேரவிடாமல் பிடித்துவைக்கும் கார்பனுக்கான, விற்கக்கூடிய சான்று) விற்பதா என்பதைப் புத்ராஜெயாவில் இருக்கும் கூட்டரசு தீர்மானிக்க முடியாது. சபாவின் தலைநகர் கோத்தா கினபாலுவும் சரவாக்கின் தலைநகர் கூச்சிங்கும்தான் தீர்மானிக்க வேண்டும். போர்னியோ தீவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இந்த இரண்டு மாநிலங்களும் இதே தொழிலில் இறங்கின, ஆனால் இறங்கிய விதம் நேர் எதிர். சபா முதலில் கையெழுத்துப் போட்டது, சட்டத்தை அப்புறம் பார்த்துக்கொண்டது. சரவாக் முதலில் சட்டத்தை எழுதியது.

சபாவின் கதை கொஞ்சம் விவகாரமானது. 2021 அக்டோபரில் சிங்கப்பூரில் பதிவான ஹோக் ஸ்டாண்டர்ட் என்ற கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம்: 20 லட்சம் ஹெக்டேர் காடு, 100 வருடம், வருமானத்தில் 70 சதவீதம் மாநிலத்துக்கு, 30 சதவீதம் கம்பெனிக்கு. மாநிலத்தின் மொத்தப் பரப்பில் கால்வாசிக்கும் மேல்! இது வெளியே தெரிந்ததே நவம்பரில் பத்திரிகைச் செய்தி வந்த பிறகுதான். காட்டையே நம்பி வாழும் பழங்குடி மக்களிடம் யாரும் கேட்கவில்லை என்று எதிர்ப்பு கிளம்பியது, வழக்கும் வந்தது. அப்போதைய துணை முதல்வர் ஜெஃப்ரி கித்திங்கான் கடைசிவரை தாங்கிப் பிடித்தார். ஆனால் 2022 பிப்ரவரியில் மாநில அரசின் தலைமை வழக்கறிஞரே, இப்போதுள்ள வடிவில் இந்த ஒப்பந்தத்துக்குச் சட்ட வலு இல்லை என்று சொல்லிவிட்டார். எந்தெந்தக் காடு என்பதுகூட முடிவாகவில்லை. சர்வே எண் போடாமல் கிரயப் பத்திரம் எழுதிய கதைதான்.

இதற்காக சபாவை மொத்தமாகக் கழித்துவிட வேண்டாம். அதே மாநிலத்தில் குவாமுட் திட்டம் இருக்கிறது. 83,381 ஹெக்டேர், அதாவது சிங்கப்பூரைவிடக் கொஞ்சம் பெரியது. ஏற்கெனவே மரம் வெட்டிய காட்டை இனி வெட்டாமல் தேறவிடும் திட்டம். மாநில அரசின் அறக்கட்டளையான யாயாசான் சபா, வனத்துறை, பெர்மியன் என்ற தனியார் கம்பெனி எல்லாம் சேர்ந்து நடத்துகிறார்கள். எல்லை தெரியும், கணக்கைச் சரிபார்க்க வெளியாள் உண்டு. 2024 ஜூலையில் மலேசியப் பங்குச்சந்தையின் கார்பன் ஏலத்தில் இதன் கிரெடிட் ஒன்று 50 ரிங்கிட்டுக்குப் போனது. ஒரு கிரெடிட் என்றால் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு. இந்த விலையை அந்த 70-30 கணக்கில் போட்டுப் பாருங்கள், டன்னுக்கு 15 ரிங்கிட் வீதம் நூறு வருடத்துக்குக் கம்பெனிக்குப் போயிருக்கும். என்ன வேலைக்கு என்று கேட்டால் தெளிவான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, சரவாக். 2022 மே மாதம் வனச் சட்டத்தைத் திருத்தினார்கள், 2023 ஜனவரி 1 முதல் கார்பன் விதிகள் நடைமுறைக்கு வந்தன. முதலில் ஆய்வு பெர்மிட், அதில் தேறினால் லைசென்ஸ். லைசென்ஸ் இல்லாமல் சரவாக் காட்டின் கார்பனை யாரும் விற்க முடியாது. முதலீடு செய்பவர் பக்கம் நின்று பார்த்தால் இதுதான் சுத்தமான வழி: யாரிடம் போக வேண்டும், என்ன காகிதம் வேண்டும், எல்லாம் முன்கூட்டியே தெரியும். அரசு கஜானாவுக்கும் இதுதான் நல்லது.

ஆனால் முதல் லைசென்ஸ் யாருக்குப் போனது? மருடி காட்டுத் திட்டத்துக்காக, சாம்லிங் குழுமத்தின் சாராகார்பனுக்கு. சாம்லிங் பல பத்தாண்டுகளாகச் சரவாக்கில் மரம் வெட்டும் கம்பெனி. சரவாக்கின் பாராம் பகுதி மக்களின் குறைகளை வெளியிட்டதற்காக சேவ் ரிவர்ஸ் என்ற சிறிய அமைப்பின் மேல் 2021-ல் அவதூறு வழக்குப் போட்டு, 2023-ல்தான் வாபஸ் வாங்கியது. வெட்டியவருக்கும் காசு, வெட்டாமல் இருப்பதற்கும் அவருக்கே காசு என்றால் எரிச்சல் வரத்தான் செய்யும். பதிலுக்கு, மரம் வெட்டும் லைசென்ஸ் சாம்லிங் கையில்தானே இருக்கிறது, அவர்கள் வெட்டுவதை நிறுத்தினால்தானே கார்பன் மிஞ்சும் என்பார்கள் இதை ஆதரிப்பவர்கள். அதிலும் நியாயம் இருக்கிறது, மறுக்க முடியாது.

என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நடைமுறைக்குச் சரவாக் சட்டம், அளவுக்குக் குவாமுட். 2025-ல் சபாவும் கார்பன் நிர்வாகத்துக்கென்று தனிச் சட்டம் நிறைவேற்றிவிட்டதால் ஹோக் மாதிரி இன்னொரு ஒப்பந்தத்தைச் சத்தமில்லாமல் போடுவது இனி அவ்வளவு சுலபமில்லை.

இரண்டு பக்கமும் தீராமல் கிடப்பது பூர்வீக நில உரிமை. சரவாக்கில் மூதாதையர் வேட்டையாடிய, பழம் பறித்த காட்டின் மேல் இபான் பழங்குடி மக்கள் கோரிய மரபுரிமைக்குச் சட்ட வலு இல்லை என்று 2016 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018-ல் நிலச் சட்டத்தைத் திருத்தி ஓரளவு இடம் கொடுத்தார்கள். இருந்தாலும் எல்லை அளந்து பட்டா கைக்கு வருவதற்குள் அதே காட்டுக்கு இன்னொருவர் கார்பன் லைசென்ஸ் வாங்கிவிட்டால், பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் நீண்ட வீட்டில் இருக்கும் அந்தப் பழங்குடிக்காரர் எந்தக் காகிதத்தைக் காட்டிப் பங்கு கேட்பார்?