கழற்றாமல் ஸ்ப்ரே அடிப்பதா, கழற்றிக் கழுவுவதா? அவுட்போர்டு கார்புரேட்டர் பராமரிப்பு

படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டார், சோக்கை (காற்றைக் குறைக்கும் தகடு) இழுத்தால் ஓடி, அதை விட்டதும் ஐட்லிங்கில் (சுமையின்றி மெதுவாக ஓடும் நிலை) நின்றுவிட்டால், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் பெரும்பாலும் ஸ்லோ ஜெட் (மெதுவாக ஓடும்போது பெட்ரோல் தரும் துளை) அடைத்திருக்கும். மீன்பிடித் தடைக்காலம் போல வாரக்கணக்கில் ஓடாமல் கிடக்கும்போது, கார்புரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்தில் (மிதவையுள்ள பெட்ரோல் கிண்ணம்) தங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பசை போன்ற படிவை விட்டுச்செல்கிறது. மிக நுண்ணிய துளை என்பதால் ஸ்லோ ஜெட்டே முதலில் அடைபடுகிறது. இன்று பரவலாகக் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் ஈர்த்துக்கொள்வதால், கடற்காற்றில் இந்தத் தொல்லை கூடுகிறது.

கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயைக் காற்று நுழையும் வாயில் அடிப்பது எளிது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் அது த்ராட்டில் தகட்டையும் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் தகடு) வெளிவழியையும் துடைக்குமே தவிர, கிண்ணத்தின் அடியில் உறைந்த படிவை அடையாது. லேசான அழுக்குக்கு இது போதும். ஐட்லிங்கில் ஓடாமல் நின்றுவிடும் மோட்டாருக்கு இதை நம்புவது வீண் செலவு என்பதே என் கருத்து.

கழற்றிக் கழுவுவதற்கு அரைநாள் பொழுதும் புதிய கேஸ்கெட்டும் (கசிவைத் தடுக்கும் அடைப்புத் தகடு) வேண்டும். எனினும் மெயின் ஜெட் (வேகமாக ஓடும்போது பெட்ரோல் தரும் துளை), ஸ்லோ ஜெட், நீடில் வால்வு (கிண்ணத்துக்குப் பெட்ரோல் வருவதைத் திறந்து மூடும் ஊசி) ஆகியவற்றைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வேறு வழியில்லை. ஐட்லிங் திருகைக் கழற்றுமுன், அதை மெல்ல உள்ளே திருகி எத்தனை சுற்று என்று குறித்துக்கொள்ள வேண்டும். ரப்பர் வளையங்களையும் ஃப்ளோட்டையும் எடுத்துவிட்ட பிறகே கிளீனரை ஊற்றவேண்டும். இல்லையேல் அவை உப்பிக் கெடும். பித்தளை ஜெட்டில் இரும்புக் கம்பியை நுழைப்பது பெரிய கேடு. துளை சற்றே அகன்றாலும் எரிபொருள் அளவு மாறிவிடும் என்பதால், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கம்ப்ரசர் காற்றால் ஊதுவதே சரி. எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடும் டூ-ஸ்ட்ரோக் மோட்டாரில் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. மெயின் ஜெட் பாதி அடைபட்டால் பெட்ரோலோடு எண்ணெயும் குறைந்து, முழு வேகத்தில் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

ஒலி அதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டி, கை எட்டாத உள்வழிகளையும் சுத்தம் செய்யும். உப்புப் பூத்துப் பச்சை பிடித்த கார்புரேட்டருக்கு அதுவே நல்லது. ஆனால் உலோகத்தை உப்பு அரித்துக் குழித்திருந்தால் எந்தக் கழுவலும் பயன்படாது, மாற்றிவிடுவதே மேல்.

கரை சேர்ந்தபின் எரிபொருள் குழாயைக் கழற்றி மோட்டாரை அதுவாக நிற்கும்வரை ஓடவிடுவது பலரின் வழக்கம். அப்படி ஓடும்போது குளிர்விக்கும் நீர் அவசியம் ஓடவேண்டும். இல்லையேல் அந்த நீரை இறைக்கும் ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும். அதன்பிறகும் கிண்ணத்தின் அடியில் சிறிது பெட்ரோல் எஞ்சும். ஆகவே நெடுநாள் நிறுத்துவதானால் வடிதிருகைத் திறந்து வடிப்பதையே நான் பரிந்துரைப்பேன். வடித்ததைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துச் சற்று நேரம் வைத்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தனியடுக்காகத் தெரியும். அப்படித் தெரிந்தால் கார்புரேட்டரோடு நிறுத்தாமல், எரிபொருள் தொட்டியையும் ஃபில்டரையும் சேர்த்தே கழுவவேண்டும்.