ஆறு பிள்ளைகள், ஒரு மேசை: வீட்டுக்கல்வியில் எந்த வழி ஒத்துவருகிறது?

பினாங்கில் வீட்டுக்கல்வியைப் பற்றி விசாரிக்கும் தமிழ்ப் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது பாடத்திட்டத்தைப் பற்றித்தான். எந்தப் புத்தகம், எந்தத் தேர்வு, எவ்வளவு செலவு என்பவை நியாயமான கேள்விகளே. ஆனால் மூன்று பிள்ளைகளுக்கு மேல் உள்ள வீட்டில் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: கற்பிப்பவரின் ஒரு மணி நேரம் எத்தனை பிள்ளைகளைச் சென்றடைகிறது? ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டில், பதினைந்து வயது மகள் முதல் மூன்று வயது மகன் வரை ஆறு பிள்ளைகளை வளர்க்கும் தாயாக, ஏழு ஆண்டுகளில் நாங்கள் மாறி மாறிக் கைக்கொண்ட வழிகளை இந்தக் கேள்வியை வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

அதற்கு முன் சட்ட நிலையைச் சொல்லிவிட வேண்டும். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 2002இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். விலக்களிக்கும் அதிகாரம் கல்வி அமைச்சரிடம் இருக்கிறது. ஆகவே விலக்குக்கு விண்ணப்பித்து, அது கையில் கிடைத்த பிறகுதான் பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுக்க வேண்டும். "யார் வந்து கேட்கப் போகிறார்கள்" என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

எங்கள் மூத்த மகள் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு வரை படித்தவள். அந்தப் பள்ளியின் மீது எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து நடந்து வந்த தமிழ்க்கல்வியின் பாதை அது. அதை விட்டு விலகுவது எளிய முடிவாக இருக்கவில்லை. என் கணவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை செய்கிறார். அவர் வீட்டில் இருக்கும் நாள்களில் பிள்ளைகள் பள்ளியில் இருந்தார்கள். பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாள்களில் அவர் வேலையில் இருந்தார். எங்களை வீட்டுக்கல்விக்குக் கொண்டுவந்த முதல் காரணம் இதுதான். ஆனால் தமிழ்ப்பள்ளியை விட்டு வந்தவர்கள் என்பதால், கீழே வரும் ஒப்பீட்டில் தமிழ் எந்த வழியில் நிற்கிறது, எந்த வழியில் நழுவுகிறது என்பதை நான் தனியே கவனிப்பேன்.

முதலில் நாங்கள் எடுத்துக்கொண்டது பள்ளிக் கால அட்டவணையை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவரும் வழி. ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் ஆண்டுக்குரிய பாடநூல், பயிற்சி நூல், தனித்தனி நேரம். இதன் நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பிள்ளை எங்கே நிற்கிறது என்பது தெளிவாகத் தெரியும். மீண்டும் பள்ளிக்குத் திரும்ப நேர்ந்தால் எந்த இடைவெளியும் இராது. தாத்தா பாட்டிக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. இரண்டு பிள்ளைகள் படித்தபோது இந்த வழி எங்களுக்கு மிக நன்றாகவே ஒத்துவந்தது. ஒரே ஒரு பிள்ளையோ இரண்டு பிள்ளைகளோ உள்ள வீட்டுக்கு இன்றும் இதையே பரிந்துரைப்பேன்.

நான்காம் பிள்ளை படிக்க உட்கார்ந்த ஆண்டில்தான் அது உடைந்தது. தமிழ், மலாய், ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு என ஆறு பாடங்கள், பாடத்துக்கு இருபது நிமிடம், நான்கு பிள்ளைகள். பெருக்கிப் பார்த்தால் 480 நிமிடம், அதாவது எட்டு மணி நேரம். கையில் அப்போது பிறந்த குழந்தை வேறு. காலை எட்டு மணிக்கு மூத்தவளுடன் தொடங்கினால், ஆறு வயது மகனின் முறை வரும்போது நண்பகல் தாண்டியிருக்கும். அவன் பென்சிலைச் சீவி, சீவிய பென்சிலை மறுபடியும் சீவி, என் அருகே வந்து நின்று, "அம்மா, எனக்கு எப்போ?" என்று கேட்பான். "கொஞ்சம் இருடா கண்ணு" என்று ஒரே காலையில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று தெரியாது. தன் முறை வந்தபோது அவனுக்குக் கற்கும் ஆசை போய்த் தூக்கம் வந்திருந்தது. பாடநூலில் ஒரு குறையும் இல்லை, அவனிடமும் இல்லை. ஒரு மணி நேரம் ஒரே பிள்ளையைத்தான் சென்றடைகிறது என்பதுதான் அந்த முறையின் கட்டமைப்பு. இன்று ஐந்து பேர் படிக்கிறார்கள். அதே கணக்கில் போயிருந்தால் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஆகியிருக்கும்.

அதற்குப் பிறகு நாங்கள் வந்து சேர்ந்த வழியை வீட்டில் "ஒரே மேசை" என்று சொல்கிறோம். அறிவியலும் வரலாறும் நாள்விட்டு நாள், முக்கால் மணி நேரம், எல்லோருக்கும் ஒன்றாக. தமிழ் வாசிப்பும் அப்படியே. தலைப்பு ஒன்று, அதிலிருந்து ஒவ்வொருவரும் செய்து தர வேண்டியது மட்டும் வயதுக்கேற்ப வேறுபடும். மலாயும் ஆங்கிலமும் பெரியவர் மூவர், சிறியவர் இருவர் என்று இரண்டு குழுக்களாக, குழுவுக்கு அரை மணி நேரம். கணிதம் மட்டும் ஆளுக்கு இருபது நிமிடம் தனியாக. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் ஆறு வயது மகளுக்குக் கூடுதலாக இன்னோர் இருபது நிமிடம். எல்லாம் சேர்த்து ஐந்தரை மணி நேரத்தில் நாள் முடிகிறது.

இது எப்படி நடக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தண்ணீர்மலைக் கோயிலைத் தாண்டிப் போனால் 1884இல் அமைக்கப்பட்ட தாவரவியல் பூங்கா வரும். நுழைவுக் கட்டணம் இல்லை. கணவருக்கு ஓய்வு கிடைத்த ஒரு புதன்கிழமை காலையில் அங்குள்ள நாகலிங்க மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். கீழே விழுந்திருந்த ஒரு பூவைக் கையில் எடுத்து வட்டமாகச் சுற்றவிட்டோம். மூன்று வயது மகனுக்கு அதன் மணம் போதுமானதாக இருந்தது. மூக்கிலிருந்து எடுக்கவே விடவில்லை. ஆறு வயது மகள் இதழ்களை எண்ணி, "பூ", "மரம்", "காய்" என்று எழுதினாள். ஒன்பது வயது மகன் பூவை நெடுக்காகப் பிளந்து, நடுவில் உள்ள வளையத்தையும் அதன் மேல் பாம்புப் படம்போல் கவிந்திருக்கும் பகுதியையும் வரைந்தான். மற்ற மரங்களைப்போல இலைக் கிளைகளில் பூக்காமல் அடிமரத்திலிருந்து தொங்கும் தண்டுகளில் பூப்பதைப் பதினொரு வயது மகள்தான் முதலில் கவனித்து, ஏன் என்று கேட்டாள். மூத்த பிள்ளைகள் இருவரும் அது தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரம் என்பதைத் தேடிக் கண்டுபிடித்து, அவ்வளவு தொலைவிலிருந்து வந்த மரத்துக்கு நம்மவர்கள் சிவனோடு சேர்த்துப் பெயர் வைத்தது எப்படி என்று ஒரு பக்கம் எழுதினார்கள். கற்பித்தவர் ஒருவர், செலவான நேரம் ஒன்றரை மணி, பயனடைந்தவர் அறுவர்.

வரலாற்றுக்கும் இதுவே பொருந்துகிறது. கெடாவின் பழைய பெயரான கடாரத்தைப் பற்றிப் படித்த வாரத்தில் கெடா மாநிலம் மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குப் போய் வந்தோம். ஏறக்குறைய 1025இல் ராஜேந்திர சோழனின் கடற்படை வந்த கரை இது என்பதை மூத்தவள் தேர்வுக்காகப் படிக்கிறாள். சிறியவர்கள் கோயில் அடித்தளத்துக் கற்களின் மீது ஏறி இறங்கியே அதை நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

ஒரே மேசையின் குறைகளையும் நான் மறைக்கவில்லை. பெரிய பிள்ளைகளுக்கு ஆழம் குறையக்கூடிய ஆபத்து உண்மையானது. பதின்மூன்று வயதுக்கு மேல் அறிவியலில் தனிப் படிப்பைச் சேர்க்காவிட்டால் அவர்கள் பின்தங்குவார்கள். கணிதத்தை இந்த மேசையில் சேர்க்கவே முடியாது. ஒரு படி தெரியாமல் அடுத்த படிக்குப் போக இயலாத பாடம் அது. ஆனால் தனிக் கணிதத்துக்கு எப்போதும் புத்தகம் வேண்டும் என்பதில்லை. 2008 ஏப்ரல் முதல் நம் நாட்டில் கடைகளில் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகையை ஐந்து சென்னுக்குச் சரிக்கட்டுகிறார்கள் அல்லவா? ஒன்பது வயது மகன் ஒவ்வொரு வாரமும் மளிகை ரசீதை வாங்கி, 12.42 ஏன் 12.40 ஆகிறது, 12.43 ஏன் 12.45 ஆகிறது என்று தானே கணக்கிட்டு, அந்த மாதம் நமக்குக் கூடியதா குறைந்ததா என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறான். தசமமும் கிட்டிய மதிப்புக்கு மாற்றுவதும் அவனுக்கு அதிலேயே வந்துவிட்டன.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பெரிய குடும்பங்களில் அக்காவைத் தம்பி தங்கைகளின் ஆசிரியையாக்கிவிடும் பழக்கம் உண்டு. நானும் ஓர் ஆண்டு அப்படிச் செய்தேன். அந்த ஆண்டு மூத்தவள் தனக்கென்று ஒரு புத்தகத்தைக்கூட முழுதாகப் படிக்கவில்லை என்பதை ஆண்டு முடிவில்தான் உணர்ந்தேன். இன்றும் அதை நினைத்தால் மனம் வலிக்கிறது. இப்போது மூத்த பிள்ளைகள் எவரும் நாளுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் சிறியவருக்குக் கற்பிக்கக் கூடாது என்பது வீட்டு விதி. அந்த அரை மணியும் வாய்விட்டு வாசித்துக் காட்டுவதற்கு மட்டும்தான்.

மூன்றாவது வழி ஹோம்ஸ்கூல் சென்டர், அதாவது வீட்டுக்கல்விப் பிள்ளைகளைக் கட்டணம் வாங்கி ஒன்றாக வைத்துக் கற்பிக்கும் தனியார் மையம். இதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மூத்த இருவரையும் ஓராண்டு அனுப்பினோம். எனக்கு நேரம் கிடைத்தது. பிள்ளைகளுக்கு நண்பர்கள் கிடைத்தார்கள். இரண்டும் மதிப்புள்ளவை. ஆனால் கட்டணம் தலைக்கு என்பதால், ஒரு பிள்ளைக்குத் தாங்கக்கூடிய தொகை ஐந்து பிள்ளைகளுக்குத் தாங்காது. பாடம் முழுவதும் ஆங்கிலத்தில். வாரத்துக்கு ஒரு தமிழ் வகுப்பு உண்டு என்று சேர்க்கும்போது சொன்னார்கள்; ஆண்டு முடியும் வரை அது தொடங்கவே இல்லை. இரண்டாமவன் என்னிடமே ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கிய மாதத்தில் நிறுத்திக்கொண்டோம். ஒன்றிரண்டு பிள்ளைகள் உள்ள, பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு இது பொருந்தலாம். தமிழை மாலையில் வீட்டில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு சேர்ப்பது நல்லது.

அன்றாட வழியைப்போலவே தேர்வையும் ஒப்பிட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மூத்த பிள்ளைக்கு எடுக்கும் முடிவு கடைசிப் பிள்ளை வரை வந்து நிற்கும். வாங்கிய புத்தகம், சேர்த்த குறிப்பு, பழகிய மொழி எல்லாம் அடுத்தவருக்கு இறங்கும். எங்கள் முன் இருந்தவை இரண்டு: மலேசிய இடைநிலைப் பள்ளியின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மைத் தனியார் தேர்வராக எழுதுவது, அல்லது ஏறக்குறைய அதே நிலையிலான பன்னாட்டுத் தேர்வான கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ.யைப் பிரிட்டிஷ் கவுன்சில் வழியாக எழுதுவது.

ஐ.ஜி.சி.எஸ்.இ. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு வசதியானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மே-ஜூன், அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இரண்டு பருவங்கள் இருப்பதால் இரண்டு மூன்று பாடங்களாகப் பிரித்து எழுதலாம். அறிவியல் பாடங்களில் ஆய்வுக்கூடச் செய்முறைக்கு ஈடான எழுத்துத் தாளும் உண்டு. சமையலறையைத் தவிர வேறு ஆய்வுக்கூடம் இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி. கட்டணம் பாடத்துக்குப் பாடம் ஏறுவதுதான் இடர். ஒருவருக்குச் சமாளித்தாலும் அடுத்தடுத்து அறுவருக்கு அதைத் தாங்க வேண்டும்.

எஸ்.பி.எம். வழியில் பதிவுக் கட்டணம் மிகவும் குறைவு, பாடநூல்கள் மலிவு. சான்றிதழ் பெற மலாய்மொழியில் தேர்ச்சி வேண்டும். 2013 முதல் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். அரசுப் பல்கலைக்கழகத்துக்கும் அரசுப் பணிக்கும் எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட், அதாவது வெறும் தேர்ச்சிக்கு மேலான தரம், பொதுவாகக் கேட்கப்படுகிறது. ஐ.ஜி.சி.எஸ்.இ. மட்டும் எழுதிய மலேசியப் பிள்ளை பின்னர் அந்தக் கதவுகளுக்கு முன் நிற்க நேர்ந்தால் மீண்டும் மலாய் எழுதத்தான் வேண்டியிருக்கும். தமிழ்மொழியையும் தமிழ் இலக்கியத்தையும் எஸ்.பி.எம். பாடங்களாகவே எடுத்து எழுதலாம் என்பது எங்களுக்கு எடை மிகுந்த காரணம்: அப்படி எடுத்தால் மேசையில் ஒன்றாக வாசிப்பதும் தேர்வுக்குப் படிப்பதும் ஒரே வேலையாகிவிடுகின்றன. எதிர்ப்பக்கத்தில் இருப்பது மலாய்க் கட்டுரை. பள்ளியில் நாள்தோறும் மலாயில் எழுதிப் பழகும் பிள்ளையோடு வீட்டில் இருக்கும் பிள்ளை போட்டியிடுவது எளிதன்று. கடைக்காரரிடமும் பேருந்து ஓட்டுநரிடமும் பேசும் மலாய் அதற்குப் போதாது.

எல்லாவற்றையும் எடைபோட்டு எஸ்.பி.எம். வழியைத்தான் தேர்ந்தெடுத்தோம். மலாய்க் கட்டுரைக்காக மட்டும் வெளியாரின் உதவிக்குச் செலவு செய்கிறோம். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வியாழக்கிழமை மாலைகளில் வீட்டுக்கு வந்து, மூத்தவள் எழுதியதைச் சிவப்பு மையில் வரிவரியாகத் திருத்தி, ஏன் திருத்தினார் என்பதைச் சத்தமாக விளக்குகிறார். கட்டணம் ஒருவருக்குத்தான். பதின்மூன்று வயது மகனும் பதினொரு வயது மகளும் அந்த நேரத்தில் தங்கள் நோட்டுகளை எடுத்துக்கொண்டு மேசையின் மறுமுனையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆசிரியையும் குரலைச் சற்று உயர்த்தியே பேசுகிறார்.